வேடன் கோழி: ஒரு புதன்கிழமைக் குழம்பைப் பற்றிய குறிப்புகள்

எங்கள் வீட்டில் புதன்கிழமை இரவுச் சமையல் என் பொறுப்பு. அன்று மனைவி வேலை முடிந்து வீடு வந்து சேர எட்டேகால் ஆகிவிடும். மகளுக்கு ஏழு வயது. ஒன்பதரைக்கு மேல் அவளால் கண் விழித்திருக்க முடியாது. வாரநாட்களில் மற்ற இரவுகளில் ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறோம். ஆக, மூன்று பேரும் ஒரே மேசையில் சேர்ந்து உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். அதில் சாப்பாடு சொதப்பினால் வெறும் சாப்பாடு மட்டும் சொதப்பாது.

நாங்கள் இருப்பது இத்தாலியில், போலோஞா நகரத்தில். போன குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, ஊரோடு ஒத்து வாழ்வோமே என்று இங்கே எல்லா வீட்டிலும் செய்கிற ஒரு கோழிக் குழம்பைச் செய்யப் போனேன். பெயர் பொல்லோ ஆல்லா கச்சத்தோரா. வேட்டைக்காரர் பாணிக் கோழி என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதற்கு இப்போது வேடன் கோழி என்று பெயர்.

நான் செய்தது இதுதான். சீக்கிரம் வேகும் என்று எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்கினேன். நன்றாகக் கழுவி, ஈரத்தோடு எண்ணெயில் போட்டேன். அது வறுபடவே இல்லை. வெளுத்துப்போய்த் தண்ணீரில் நின்றது. சரி, போகட்டும் என்று வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, ஒரு டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மூடி போட்டு, தீயைக் கூட்டி வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால் கறி நார் நாராக இருந்தது, கிழங்கு கடுக் கடுக்கென்று இருந்தது, குழம்பு ரசம் மாதிரி ஓடியது. மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்பா, இது நூல் நூலா வருது" என்றாள். மனைவி ஒன்றும் சொல்லாமல் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு ரொம்ப உறைத்தது. கடைசியில் ஆம்லெட் போட்டுக் கொடுத்து முடிக்கும்போது மணி ஒன்பது இருபது.

நான் பிழைப்புக்கு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். ஒரு சோதனை தோற்றால் ஏன் தோற்றது என்று தெரியாமல் தூக்கம் வராது. அடுத்த சில வாரங்கள் இந்தக் குழம்பைத் துருவினேன். கிடைத்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் குழம்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முழுக்கத் தண்ணீர் விவகாரம். எந்த இடத்தில் தண்ணீரை விரட்ட வேண்டும், எந்த இடத்தில் அதை வைத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்திருந்தேன்.

ஆர்தூசியின் ஐந்து நிமிடம்

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஃபோர்லிம்போபோலி என்று ஒரு சிற்றூர் வரும். பெல்லெக்ரீனோ ஆர்தூசி 1820-இல் பிறந்த ஊர். அவர் தொழில்முறைச் சமையல்காரர் இல்லை, பட்டு வியாபாரி. தொழிலை விட்டு ஓய்ந்த பிறகு ஃப்ளாரன்ஸில் உட்கார்ந்து, சமையல் குறிப்புகளைச் சேகரித்து, தன் வீட்டுச் சமையல்காரர்களை வைத்துச் செய்து பார்த்து, ஒரு புத்தகம் எழுதினார். 'சமையலறையில் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்' என்பது தலைப்பின் பொருள். பதிப்பாளர்கள் யாரும் ஏற்காததால் 1891-இல் சொந்தக் காசில் அச்சடித்தார். முதல் ஆயிரம் பிரதிகள் விற்க நான்கு வருடம் ஆனது. பிறகு அது இத்தாலிய வீடுகளில் தவிர்க்க முடியாத புத்தகமாகிவிட்டது. 1911-இல் அவர் இறப்பதற்குள் 475 குறிப்புகள் 790 ஆகப் பெருகியிருந்தன. இறக்கும்போது புத்தகத்தின் உரிமையை அந்தச் சமையல்காரர்கள் இருவருக்குமே எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதில் வேடன் கோழியும் இருக்கிறது. ஐந்தாறு வரிதான். பெரிய வெங்காயம் ஒன்றை அரிந்து, அரை மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போடச் சொல்கிறார். பிறகு ஈரம் போகத் துடைத்து, எண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்கி, எடுத்துத் தனியே வைக்க வேண்டும். அதே கொழுப்பில் வெட்டிய கோழியைச் சிவக்க வறுத்து, வெங்காயத்தைத் திரும்பச் சேர்த்து, உப்பு மிளகு போட்டு, அரை கிளாஸ் சாஞ்சோவேஸே சிவப்பு ஒயினும் கொஞ்சம் தக்காளிச் சாறும் ஊற்றி, ஐந்து நிமிடம் கொதித்ததும் பரிமாறலாம். பலவீனமான வயிறுக்காரர்களுக்கு இது ஆகாது என்று ஓர் எச்சரிக்கையும் கொடுக்கிறார்.

முதல் தடவை படித்தபோது எனக்குக் குழப்பமாக இருந்தது. ஐந்து நிமிடக் கொதியில் எலும்போடு இருக்கும் கோழி எப்படி வேகும்? இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது. கோழி வேகும் வேலை முக்கால்வாசி வறுக்கும்போதே முடிந்துவிடுகிறது. அவர் செய்வது நம் கணக்கில் குழம்பே இல்லை, கடைசியில் ஈரம் காட்டிய வறுவல். வெங்காயத்தைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் எண்ணெயில் போடச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஊறவைப்பதற்கும் காரணம் உண்டு. வெங்காயத்தை அரியும்போது உண்டாகும் காட்டமான கந்தகச் சேர்மங்களில் ஒரு பகுதியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்று இங்கே வீடுகளில் செய்வது இதிலிருந்து விலகி வந்த ஒன்று. தக்காளி கூடியிருக்கிறது, அடுப்பில் இருக்கும் நேரம் கூடியிருக்கிறது. ஆனால் தக்காளியே போடாமல் வெள்ளையாகச் செய்கிறவர்களும் உண்டு. ரோமில் ஆட்டுக்குட்டிக் கறியை இதே 'வேடன்' பெயரில் செய்வார்கள். அதில் தக்காளி கிடையாது. வினிகர், பூண்டு, ரோஸ்மேரி, நெத்திலிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரனான உப்பிட்ட ஆன்சோவி மீன்.

தக்காளி இந்த நாட்டுக்கே லேட்டாக வந்த விருந்தாளிதானே. 1548 அக்டோபர் 31 அன்று ஃப்ளாரன்ஸ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கூடைத் தக்காளி, பீசா நகரில் இருந்த கோசிமோ தெ மெதிச்சி பிரபுவின் வீட்டுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தது என்று அந்த வீட்டு நிர்வாகி எழுதிய கடிதம் இருக்கிறது. தக்காளியை வைத்து ஒரு சாஸ் செய்முறை அச்சில் வருவதற்கு மேலும் நூற்றைம்பது வருடம் பிடித்தது. 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிய நூலில் அது வருகிறது, அதுவும் 'ஸ்பானிய முறை' என்ற பெயரில்.

அதனால் எது 'அசல்' வேடன் கோழி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. எல்லா வகைக்கும் பொதுவாக இருப்பது மூன்று விஷயம்: எலும்போடு கூடிய துண்டுகள், கொழுப்பில் சிவக்க வறுப்பது, பிறகு புளிப்பான ஏதோ ஒரு திரவத்தில் நிதானமாக வேகவைப்பது. இந்த மூன்றிலும் நான் கோட்டை விட்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெஞ்சா, தொடையா?

எங்கள் மாடியில் எழுபது தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். படிக்கட்டில் பார்த்தபோது என் தோல்வியைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் துண்டு வாங்கினே?" நெஞ்சுக்கறி என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நெஞ்சுக்கறியைப் போய் யாராவது குழம்புல போடுவாங்களாப்பா? சோவ்ரகோஷான்னு கேட்டு வாங்கு" என்றார். சோவ்ரகோஷா என்றால் மேல்தொடை.

காரணம் இதுதான். கோழி பறப்பதே இல்லை, ஆனால் நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது. அதனால் நெஞ்சுத் தசை வெளுத்து, மென்மையாக, கொழுப்பில்லாமல் இருக்கிறது. காலும் தொடையும் ஓயாமல் உழைக்கின்றன. அதற்கான ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் அங்கே அதிகம், அதனால்தான் கறி நிறம் மங்கலாக இருக்கிறது. தசைகளைக் கட்டிப்போடும் கொலாஜன் என்ற புரதமும் அங்கே அதிகம், கொழுப்பும் அதிகம்.

இப்போது சூடு ஏறும்போது என்ன நடக்கிறது? சுமார் 50 டிகிரி செல்சியஸில் தசைப் புரதங்கள் இறுக ஆரம்பிக்கின்றன. 65, 70 டிகிரியைத் தாண்டும்போது தசைநார்கள் நன்றாகச் சுருங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன. ஈரத் துணியை முறுக்குவது மாதிரி. நெஞ்சுக்கறிக்கு இதோடு கதை முடிந்தது. பிழிந்த தண்ணீருக்கு ஈடுகொடுக்க அதில் வேறு எதுவும் இல்லை. அதைக் குழம்பில் நாற்பது நிமிடம் கொதிக்க விட்டால் நூல்தான் மிஞ்சும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே, எப்படி வறண்டு போகும் என்று நானும் கேட்டுக்கொண்டேன். தண்ணீருக்குள்ளேயே வேகும் கறியும் வறளும். சூடு பிழிந்து தள்ளுவதை வெளியே இருக்கும் குழம்பு திரும்ப உள்ளே தள்ளாது.

தொடையில் கதை தொடர்கிறது. அங்கேயும் தண்ணீர் வெளியேறத்தான் செய்கிறது. ஆனால் 70 டிகிரிக்கு மேல் மெதுவாக கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாகுமே, அதே பொருள். அது தசைநார்களுக்கு இடையில் வழவழப்பாகப் படிகிறது. ஆகவே நாக்குக்கு ஈரமாகத் தெரிகிறது. மிச்சம் குழம்பில் இறங்கி அதைக் கெட்டியாக்குகிறது. கோழிக்கறி பாதுகாப்பாக வெந்ததற்கு உட்புறம் 74 டிகிரி வந்தால் போதும் என்பது பொதுவான அளவு. ஆனால் தொடை அந்த அளவில் இன்னும் ரப்பர்தான். நான் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்துச் சாப்பிட்டதில், 85-ஐத் தாண்டிச் சற்று நேரம் இருந்தபிறகுதான் எலும்பை விட்டுக் கறி கழன்று வந்தது.

இன்னொன்று. மாட்டுக்கறிக்கு இதே வேலை நடக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பண்ணைக் கோழியை ஆறு வாரம் போலத்தான் வளர்க்கிறார்கள். அதன் கொலாஜன் இன்னும் இளசு, பின்னல் கெட்டிப்படவில்லை. அதனால்தான் நாற்பது நிமிடத்தில் கரைகிறது, வாரநாள் இரவுக்குக் கட்டுப்படியாகிறது. முற்றிய நாட்டுக்கோழியில் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஈரம் இருந்தால் வறுபடாது

என் இரண்டாவது தப்பு, கழுவிய ஈரத்தோடு எண்ணெயில் போட்டது.

கறி சிவந்து வாசனை வருவதற்குக் காரணம் சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையே நடக்கும் வினை. லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-இல் இதை விவரித்தார். அவர் பெயரிலேயே வழங்குகிறது. வாணலியில் இது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். ஆனால் கறியின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அந்தத் தண்ணீரைப் போக்குவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு கிராம் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 80 கலோரி போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும், ஏறக்குறைய ஏழு மடங்கு. ஈரக் கோழியைப் போட்டால் அடுப்பின் சூடெல்லாம் அந்த ஆவிக்கே போகிறது. அதற்குள் உள்ளேயிருந்து வேறு தண்ணீர் இறங்கிவிடும். கோழி வறுபடுவதற்குப் பதில் அவிகிறது.

ஆகவே துடைக்க வேண்டும். பேப்பர் துணியால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தித் துடைக்க வேண்டும். நம் வீடுகளில் மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவாமல் கோழியைத் தொடமாட்டோம். அதை விடுவது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குழாய்த் தண்ணீர் கிருமியைக் கொல்வதில்லை. காம்பிலோபாக்டர் போன்ற கிருமிகளைத் தொட்டி, மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்த காய் எல்லாவற்றிலும் தெறிக்க விடுகிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் பச்சைக் கோழியைக் கழுவாதீர்கள் என்று பிரச்சாரமே செய்தது. கொல்வது அடுப்புச் சூடுதான். அப்படியும் மனசு கேட்கவில்லை, கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், தெறிக்காமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் அலசுங்கள், தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கோழியைத் துடைக்க மறக்காதீர்கள்.

காலையிலேயே உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. உப்பு உள்ளே இறங்கும், தோல் காய்ந்துவிடும். சாயங்காலம் துடைக்கும் வேலையே பாதி மிச்சம்.

வறுப்பதால் கறியின் சாறு உள்ளேயே பூட்டப்படுகிறது என்று பலரும் சொல்வார்கள். 1847-இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கிளப்பிவிட்ட கருத்து அது. உண்மை இல்லை. நம்பாதவர்கள் வறுத்தெடுத்த துண்டுகளை ஒரு தட்டில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் சாறு தேங்கி நிற்கும். பூட்டு இருந்தால் அது எப்படி வெளியே வந்தது? வறுப்பது வாசனைக்காக மட்டுமே. அந்தத் தட்டுச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், குழம்புக்கு வேண்டும்.

எதற்குப் பின் எது

மூன்றாவது தப்பு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டியது. உருளைக்கிழங்கு ஏன் வேகவில்லை என்பது எனக்கு நிஜமாகவே புதிராக இருந்தது. நாற்பது நிமிடக் கொதியில் வேகாத கிழங்கு உண்டா?

உண்டு, தக்காளியோடு இருந்தால். காய்களின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது கரைந்தால்தான் காய் குழையும். புளிப்பான சூழலில் அது லேசில் கரையாது. கிழங்கை முன்கூட்டியே வேகவைக்காமல் தக்காளியில் போட்டால் அது பிடிவாதமாக நிற்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் காய் வெந்தபிறகுதான் புளி ஊற்று என்று சொல்வது இதே காரணத்துக்குத்தான். எனக்கு அது தெரியும். இத்தாலிய உணவு என்றதும் மறந்துபோயிற்று.

வெங்காயத்துக்கும் இதே விதி. இங்கே வெங்காயம், கேரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி எண்ணெயில் மெதுவாக வதக்குவதை சொஃப்ரித்தோ என்கிறார்கள். சிவக்கக் கூடாது, குழைய வேண்டும். சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். வெங்காயம் குழைவதற்கு முன்னால் தக்காளியை ஊற்றினால், கடைசிவரை அது பல்லில் படும்.

தக்காளியை ஊற்றியதும் கோழியைப் போட்டுவிடக் கூடாது. ஐந்தாறு நிமிடம் திறந்து வைத்துச் சுண்ட விட வேண்டும். எவ்வளவு சுண்ட வேண்டும் என்று இங்கே யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. நம் ஊர்க் கணக்கு உதவியது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். தண்ணீர் போதுமான அளவு போய்விட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை. மாடி அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் இருக்கும். நான் அதைப் பார்ப்பேனே தவிரச் சொன்னதில்லை" என்றார்.

சுண்டினால் ருசி ஏன் கூடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தக்காளியில் குளூட்டமேட் நிறைய இருக்கிறது. கோழிக்கறியில் இனோசினேட் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகவே நாக்குக்குச் சுவை தருபவை. சேர்ந்தால் கூட்டிக் கழித்து வருவதைவிடப் பல மடங்கு தெரியும். தண்ணீர் குறையக் குறைய இரண்டும் நெருங்கி வருகின்றன.

ஒயின் வேண்டுமா?

ஏழு வயதுக் குழந்தை சாப்பிடும் வீட்டில் இது சும்மா கேட்கும் கேள்வி இல்லை. கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும் என்று கடையில், வேலையிடத்தில் என்று எல்லோரும் சொன்னார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை வேறு மாதிரி சொல்கிறது. குழம்பில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிஞ்சும். அரை மணி நேரத்தில் 35 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம். முழுக்கப் போக வேண்டுமென்றால் இரண்டரை மணி நேரம்கூடப் போதாது.

கணக்குப் போட்டால், 13 சதவீத ஒயின் 100 மில்லி ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டால் மொத்தப் பாத்திரத்திலும் மிஞ்சுவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவான ஆல்கஹால். சின்ன அளவுதான். ஆனாலும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒயின் இங்கே செய்யும் வேலை மூன்று: அடியில் ஒட்டிய வறுவலைக் கரைப்பது, புளிப்புக் கொடுப்பது, வாசனை கொடுப்பது. முதல் இரண்டையும் ஒரு டேபிள்ஸ்பூன் ஒயின் வினிகரும் அரை டம்ளர் தண்ணீரும் செய்துவிடும். வாசனையில் கொஞ்சம் குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் ரோமாபுரிக்காரர்கள் தங்கள் வேடன் கறியில் வினிகர்தானே ஊற்றுகிறார்கள்? துரோகம் ஒன்றும் இல்லை.

இப்போது நான் செய்யும் விதம்

மூன்று பேருக்கு, மறுநாளைக்குக் கொஞ்சம் மிஞ்சும்படி.

எலும்பும் தோலுமாக மேல்தொடை, கால் துண்டுகள் ஒரு கிலோ. உப்பு ஒன்றரை டீஸ்பூன். ஆலிவ் எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன். பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று, செலரித் தண்டு ஒன்று, பூண்டு இரண்டு பல். டின்னில் வரும் தோலுரித்த தக்காளி 400 கிராம். ரோஸ்மேரி ஒரு கொத்து. கறுப்பு ஆலிவ் பத்துப் பன்னிரண்டு. ஒயின் வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன். மிளகுத்தூள்.

காலையில்: கோழியில் உப்புத் தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன்.

ஏழு மணிக்கு: கோழியைத் துடைத்து, அடிகனமான அகலப் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றி, தோல்பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறேன். நடுத்தரத் தீ. துண்டுகள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது, அதனால் இரண்டு தவணை. போட்டதும் புரட்டாதீர்கள். சிவந்ததும் தானாகவே அடியை விட்டுக் கழன்று வரும். வரவில்லையென்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். இந்த வேலைக்குக் கால் மணி நேரம்.

ஏழேகாலுக்கு: கோழியைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, பாத்திரத்தில் கொழுப்பு அதிகமிருந்தால் இரண்டு ஸ்பூன் அளவு விட்டு மீதியை எடுத்துவிடுகிறேன். நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியைப் போட்டு ஒரு சிட்டிகை உப்போடு சிறு தீயில் வதக்குகிறேன். கடைசி ஒரு நிமிடத்தில் பூண்டும் ரோஸ்மேரியும். ரோஸ்மேரியின் மணம் எண்ணெயில் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. அதனால் தக்காளிக்கு முன்னால் போட வேண்டும்.

ஏழரைக்கு: வினிகரும் அரை டம்ளர் தண்ணீரும் ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிடுகிறேன். பாதி சுண்டியதும் தக்காளியைக் கையால் பிசைந்து போடுகிறேன். எண்ணெய் பிரியும்வரை ஐந்தாறு நிமிடம்.

ஏழு முப்பத்தெட்டுக்கு: கோழியும் தட்டில் தேங்கிய சாறும் உள்ளே போகின்றன. தோல்பக்கம் மேலே, குழம்புக்கு வெளியே தெரியும்படி. மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்து, சிம்மில் வைக்கிறேன். ஓரத்தில் எங்காவது ஒரு குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கறியின் வெளிப்புறம் சிதையும், கொழுப்பு குழம்போடு கலங்கிப்போகும். முப்பத்தைந்து நிமிடம். பாதியில் ஒரு தடவை எட்டிப் பார்த்து, வற்றியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆலிவ். அதிலேயே உப்பு இருப்பதால், குழம்பின் உப்பை அதற்குப் பிறகுதான் ருசி பார்க்கிறேன்.

எட்டேகாலுக்கு அடுப்பை அணைக்கிறேன். அப்போதுதான் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். அவள் கை கால் கழுவி வரும் பத்து நிமிடமும் குழம்பு சும்மா இருக்கட்டும். கொஞ்சம் ஆறும்போது ஜெலட்டின் இன்னும் கெட்டிப்படும்.

மூன்றாவது புதன்கிழமைதான் இது சரியாக வந்தது. இரண்டாவது வாரம் தொடையை வாங்கி, துடைத்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, நேரமாகிறதே என்று கடைசியில் தீயைக் கூட்டினேன். அடி பிடித்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடத்தை அவசரப்படுத்தவும் முடியாது. நாம் செய்ய வேண்டியதும் எதுவும் இல்லை. இப்போதெல்லாம் அந்த நேரத்தில் மகளின் வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையிலேயே வைத்துக்கொள்கிறோம். வாரத்தில் நான் அவள் நோட்டைத் திறந்து பார்ப்பதே அப்போதுதான்.

இங்கே இதற்குச் சோறு போடமாட்டார்கள். வடக்கே மக்காச்சோள மாவில் கிண்டிய பொலெந்தா, மற்றபடி ரொட்டி. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் துடைத்துச் சாப்பிடுவதற்கு இங்கே தனியாக ஒரு பெயரே உண்டு: ஸ்கார்பெத்தா, சின்னச் செருப்பு. கௌரவமான விருந்துகளில் செய்யக் கூடாதாம். எங்கள் மேசையில் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. மூன்றாவது புதன்கிழமை மகள் தட்டைத் துடைத்து முடித்துவிட்டு, என் தட்டிலும் கை வைத்தாள். மணி எட்டு ஐம்பது. அவள் தூங்கப் போக இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மிஞ்சியதை மறுநாள் மதியம் நானும் மனைவியும் டப்பாவில் எடுத்துப்போனோம். அதற்கு மட்டும் சோறுதான்.